டபுள் கிளிக் செய்தால் எது திறக்கவேண்டும்? டீஃபால்ட் வீடியோ பிளேயர்: கேள்வி பதில்

வீடியோ ஃபைலை டபுள் கிளிக் செய்ததும் தானாகத் திறக்கும் பிளேயர்தான் டீஃபால்ட் பிளேயர். அதைப் பற்றிய இந்தக் கேள்வி பதில், சேலத்தில் சிஸ்டம் அசெம்பிள் செய்து கொடுப்பவர்கள், பள்ளிக் கணினி அறையைப் பார்த்துக்கொள்ளும் ஆசிரியர்கள், கல்யாண ஸ்டுடியோக்காரர்கள், ஏற்காட்டு எஸ்டேட் ஆபீஸிலும் விடுதிகளிலும் கம்ப்யூட்டர் வைத்திருப்பவர்கள் ஆகியோரை மனதில் வைத்து எழுதியது. விண்டோஸ், லினக்ஸ், மேக் மூன்றுக்கும் பொருந்தும். லினக்ஸுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே இடம் கொடுத்திருக்கிறோம், ஏனென்றால் அங்கேதான் தேர்வு முழுக்க நம் கையில் இருக்கிறது.

டீஃபால்ட் பிளேயர் எதுவாக இருந்தால் என்ன? பிடிக்காவிட்டால் மாற்றிக்கொள்ளலாமே?

விவரம் தெரிந்தவர் மாற்றிக்கொள்வார். மற்றவர்கள் மாற்றுவதில்லை. மாற்ற முடியும் என்பதே பலருக்குத் தெரியாது. டபுள் கிளிக் செய்து கறுப்புத் திரை வந்தால், பிளேயர் சரியில்லை என்று யாரும் நினைப்பதில்லை. ஃபைல் கெட்டுப்போச்சு என்றுதான் நினைக்கிறார்கள். இடம் அடைக்கிறதே என்று அழித்தும் விடுகிறார்கள். நன்றாக இருந்த கல்யாண வீடியோவும் காதுகுத்து வீடியோவும் இப்படித்தான் போகின்றன.

அதனால் செட்டிங்ஸ் பக்கமே போகாத ஒருவரை நினைத்து டீஃபால்ட்டைத் தேர்ந்தெடுங்கள். நமக்குப் பிடித்த பிளேயரை நம் சிஸ்டத்தில் வைத்துக்கொள்ளலாம். அடுத்தவர் சிஸ்டத்தில் வைக்கவேண்டியது, அவர் கொண்டுவரும் ஃபைலை ஒரு கேள்வியும் கேட்காமல் திறப்பதை.

சுற்றி வளைக்காமல் சொல்லுங்கள், எதை வைக்கலாம்?

விண்டோஸ்: வி.எல்.சி. என்ற இலவச பிளேயர். பலர் கைபடும் சிஸ்டம் என்றால் இரண்டாவது யோசனையே வேண்டாம். விண்டோஸ் 11-உடன் வரும் மீடியா பிளேயர் சாதாரண எம்.பி.4-க்குப் போதும், ஆனால் வருகிற ஃபைல் எல்லாம் சாதாரணமாக இருப்பதில்லை. பழைய, வேகம் குறைந்த விண்டோஸ் சிஸ்டத்துக்கு எம்.பி.சி. எச்.சி. நல்ல தேர்வு. அதன் பழைய குழு 2017-இல் வேலையை நிறுத்திவிட்டது. இப்போது வருவது அதிலிருந்து பிரிந்து வேறொருவர் தொடரும் பதிப்பு, அதைத்தான் இறக்கவேண்டும்.

லினக்ஸ்: மெனுவும் பட்டன்களும் வேண்டும் என்பவருக்கு வி.எல்.சி. அல்லது செல்லுலாய்டு. செல்லுலாய்டுக்குள் ஓடுவது எம்.பி.வி. என்ற இன்னொரு பிளேயரின் என்ஜின். லினக்ஸின் வெளியீடுகளில் ஒன்றான லினக்ஸ் மின்ட், 2019 டிசம்பரில் வந்த 19.3 பதிப்பில், தன் பழைய எக்ஸ்பிளேயரை எடுத்துவிட்டு செல்லுலாய்டை டீஃபால்ட்டாக வைத்தது. பழைய பிளேயர் படத்தைத் திரையில் வரையும் வேலையைக்கூட ப்ராசசர் தலையில் கட்டிக்கொண்டிருந்ததுதான் காரணம். க்னோம் என்ற லினக்ஸ் டெஸ்க்டாப் சூழலில் வெகுகாலம் டோட்டெம் இருந்தது. 2025 செப்டம்பரில் வந்த க்னோம் 49-இல் அந்த இடத்துக்கு ஷோடைம் வந்துவிட்டது. பார்க்க அழகு, பயன்படுத்தச் சுலபம். ஆனால் ஸ்டுடியோக்காரருக்கு வேண்டிய அளவுக்கு வசதிகள் அதில் கிடையாது.

மேக்: குவிக்டைம் எம்.கே.வி. ஃபைலைத் திறக்காது. ஐ.ஐ.என்.ஏ. போடுங்கள். அதுவும் எம்.பி.வி. என்ஜின்தான்.

எம்.பி.வி.யை அப்படியே டீஃபால்ட்டாக வைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. திறமையில் அதற்குக் குறையே இல்லை. ஆனால் வழக்கமான மெனு பட்டை அதில் இல்லை, பாதி வேலை கீபோர்டு ஷார்ட்கட்டில் நடக்கிறது. புதிதாக வருபவர் திகைத்து நிற்பார்.

ஒரே எம்.பி.4 ஒரு சிஸ்டத்தில் ஓடுகிறது, பக்கத்து சிஸ்டத்தில் ஓடவில்லை. ஏன்?

மாம்பழப் பெட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். பெட்டி ஒரே மாதிரி இருக்கும், உள்ளே மல்கோவாவும் இருக்கலாம், இமாம்பசந்தும் இருக்கலாம், செந்தூராவும் இருக்கலாம். எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ. எல்லாம் பெட்டியின் பெயர்கள். உள்ளே படம் எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வது கோடெக். 2003-இல் வந்த எச்.264 இருந்தால் அநேகமாக எல்லா சிஸ்டத்திலும் ஓடும். 2013-இல் வந்த எச்.இ.வி.சி. இருந்தால் சிலவற்றில் ஓடாது. 2018-இல் வந்த ஏ.வி.1 இருந்தால் பழைய சிஸ்டம் திணறும்.

வி.எல்.சி.யில் வீடியோ ஓடும்போது டூல்ஸ் மெனுவில் கோடெக் இன்ஃபர்மேஷன் திறந்தால் உள்ளே இருப்பது என்னவென்று தெரியும். ‘படம் வரலை’ என்று யாராவது வந்தால் முதலில் இதைப் பாருங்கள்.

ஐபோனில் எடுத்த வீடியோ சத்தம் மட்டும் வருகிறது, படம் கறுப்பு. பிளேயர் கெட்டுவிட்டதா?

இல்லை. 2017-இல் வந்த ஐ.ஓ.எஸ். 11 முதல் ஐபோன்கள் எச்.இ.வி.சி. முறையில் பதிவு செய்கின்றன. அந்த கோடெக்கில் பல நிறுவனங்களின் காப்புரிமை இருப்பதால், விண்டோஸ் தன் பிளேயரில் அதை இலவசமாகத் தருவதில்லை. ஸ்டோரில் காசு கொடுத்து ஒரு நீட்சியை வாங்கச் சொல்லும். புது லேப்டாப் சிலவற்றில் தயாரிப்பாளரே அதைப் போட்டுக் கொடுத்திருப்பார். பக்கத்து சிஸ்டத்தில் ஓடுவதற்கு இதுவே காரணமாக இருக்கலாம்.

வி.எல்.சி.யும் எம்.பி.வி.யும் கோடெக்குகளைத் தங்களுக்குள்ளேயே வைத்திருக்கின்றன. தனியாக எதையும் வாங்கவோ கோடெக் பேக் போடவோ தேவையில்லை. லினக்ஸில் ஃபெடோரா மாதிரி சில வெளியீடுகள் காப்புரிமைச் சிக்கல் கருதி எச்.264, எச்.இ.வி.சி. பாகங்களைக் குறைத்தே தருகின்றன. அங்கே ஆர்.பி.எம். ஃபியூஷன் என்ற கூடுதல் மென்பொருள் களஞ்சியத்தைச் சேர்த்த பிறகு பிளேயரை நிறுவுங்கள். உபுண்டுவில் ரெஸ்ட்ரிக்டட் எக்ஸ்ட்ராஸ் என்ற தொகுப்பு அந்த வேலையைச் செய்யும்.

பிளேயரைத் தேர்ந்தெடுக்குமுன் எப்படிச் சோதிப்பது?

ஒரு பென்டிரைவை இதற்கென்றே ஒதுக்குங்கள். 16 ஜி.பி. போதும், எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மேட் செய்யுங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட ஃபைல் ஏறாது. அதில் இவற்றைப் போட்டு வையுங்கள்:

- போனை நேராகப் பிடித்து எடுத்த எச்.264 வீடியோ. சில பிளேயர் அதைப் படுக்கப்போட்டுக் காட்டும்.
- ஐபோன் எச்.இ.வி.சி. வீடியோ.
- பழைய கல்யாண கேமராவின் எம்.டி.எஸ். ஃபைல்.
- டிவிடியிலிருந்து எடுத்த வி.ஓ.பி., வி.சி.டி.யிலிருந்து எடுத்த டேட்.
- தமிழும் இன்னொரு மொழியும் கலந்த, 5.1 (ஆறு தட) ஒலி உள்ள எம்.கே.வி.
- தமிழ் சப்டைட்டிலுடன் ஒரு ஃபைல்.
- வெப்எம் பெட்டியில் ஏ.வி.1 ஒன்று.
- பாதியில் அறுந்த எம்.பி.4.

ஒவ்வொன்றும் இரண்டு நிமிடம் இருந்தால் போதும்.

இருக்கிற சிஸ்டங்களிலேயே மெதுவானதில் இதைச் செருகுங்கள். புது சிஸ்டத்தில் எல்லா பிளேயரும் நன்றாகத்தான் ஓடும், அதில் தெரிந்துகொள்ள ஒன்றுமில்லை. ஒவ்வொரு ஃபைலிலும் நான்கு விஷயம் பாருங்கள்: டபுள் கிளிக்கில் திறக்கிறதா, நடுவில் தாவினால் உடனே தொடர்கிறதா, முழுத்திரையில் திக்குகிறதா, மூடிவிட்டுத் திறந்தால் விட்ட இடம் நினைவிருக்கிறதா. கடைசி ஃபைல் ஓடாது. அதைத் திறக்கும்போது பிளேயர் ஒழுங்காகச் செய்தி சொல்லி நிற்கிறதா, இல்லை அப்படியே ஹேங்க் ஆகிறதா என்பதைத்தான் பார்க்கவேண்டும்.

4கே வீடியோ விட்டுவிட்டு ஓடுகிறது. ராம் கூட்டினால் சரியாகுமா?

பெரும்பாலும் ஆகாது. படத்தைப் பிரித்துக் காட்டும் வேலையைக் கிராபிக்ஸ் சிப்பில் இருக்கும் தனிப் பகுதி செய்கிறதா, ப்ராசசர் செய்கிறதா என்பதுதான் கேள்வி. முதலாவது ஹார்டுவேர் டிகோடிங். இன்டெல் கோர் ப்ராசசர்களின் உள்கட்டிய கிராபிக்ஸில் 2-ஆம் தலைமுறையே எச்.264-ஐத் தாங்கும். 8-பிட் எச்.இ.வி.சி.க்கு 6-ஆம் தலைமுறை வேண்டும், 10-பிட்டுக்கு 7, ஏ.வி.1-க்கு 11. அதற்குக் கீழே இருந்தால் ப்ராசசரே சுமக்கவேண்டும். இரண்டு கோர் உள்ள பழைய சிப் 4கே எச்.இ.வி.சி.யைச் சுமக்காது.

சித்திரை, வைகாசியில் சேலத்து வெயில் இதை இன்னும் மோசமாக்கும். ப்ராசசர் முழுவேகத்தில் ஓடிச் சூடேறும்; ஃபேனில் தூசி அடைத்திருந்தால் சிப் தன்னைக் காத்துக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். முதல் ஐந்து நிமிடம் ஒழுங்காக ஓடிய படம் பிறகு திக்க ஆரம்பித்தால், பிளேயரை மாற்றுமுன் கேபினெட்டைத் திறந்து ஊதி விடுங்கள்.

இன்னொரு காரணம் பென்டிரைவ். கேமரா ஃபைல் நொடிக்கு 200 மெகாபிட் என்றால் நொடிக்கு 25 மெகாபைட் படித்தாகவேண்டும். யு.எஸ்.பி. 2.0 பென்டிரைவ் பலவற்றுக்கு அது எல்லை. ஹார்டு டிஸ்க்கில் காப்பி செய்துவிட்டு ஓட்டிப் பாருங்கள். அப்போது ஓடினால் பிளேயர் மேல் தப்பில்லை.

ஹார்டுவேர் டிகோடிங் வேலை செய்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

விண்டோஸில் டாஸ்க் மேனேஜர், பெர்ஃபார்மன்ஸ், ஜி.பி.யு. என்று போங்கள். வீடியோ டிகோட் என்ற வரைபடம் வீடியோ ஓடும்போது உயரவேண்டும். தரையோடு கிடந்தால் ப்ராசசர்தான் உழைக்கிறது. வி.எல்.சி.யில் டூல்ஸ், பிரிஃபரன்சஸ், இன்புட்/கோடெக்ஸ் பகுதியில் ஹார்டுவேர் ஆக்சலரேட்டட் டிகோடிங்கை ஆட்டோமேட்டிக் என்று வையுங்கள். பச்சைக் கோடுகளோ கட்டம் கட்டமாகச் சிதறலோ வந்தால் டிரைவரைப் புதுப்பியுங்கள். அதற்கும் மசியாவிட்டால் மட்டும் டிசேபிள் செய்யுங்கள்.

எம்.பி.வி.யில் இது தானாக இயங்காது. பலருக்கு இது தெரியாமல், எம்.பி.வி. மெதுவாக இருக்கிறது என்று விட்டுவிடுகிறார்கள். வீடியோ ஓடும்போது கன்ட்ரோல்+எச் அழுத்தினால் இயங்கும். ஐ எழுத்தை அழுத்தினால் எந்த முறையில் ஓடுகிறது, எத்தனை ஃப்ரேம் தவறியது என்ற விவரம் திரையிலேயே வரும். லினக்ஸில் இன்டெல் சிப்புக்கு இரண்டு டிரைவர் உண்டு. 5-ஆம் தலைமுறை முதல் மேலே வருபவற்றுக்கு இன்டெல் மீடியா டிரைவர், அதற்குக் கீழே ஐ965. தப்பானது இருந்தால் பிளேயர் சத்தமில்லாமல் ப்ராசசருக்கு மாறிவிடும்.

அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் என்ன போடுவது?

2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் கிடைத்தவை பல வீடுகளில் இன்னும் ஓடுகின்றன. அவற்றில் புது விண்டோஸைத் திணிக்காதீர்கள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது, 11 அந்தச் சிப்புகளை ஏற்றுக்கொள்ளாது. மின்ட்டின் எடை குறைந்த எக்ஸ்.எஃப்.சி.இ. பதிப்பைப் போட்டு செல்லுலாய்டை டீஃபால்ட்டாக வையுங்கள். ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு ஒரு சின்ன எஸ்.எஸ்.டி. மாட்டினால் சிஸ்டம் எழுந்து நிற்கும் வேகமே வேறு. வீடியோவை 720பி அல்லது 1080பி எச்.264-ஆக மாற்றி வைத்துக்கொண்டால் இன்னும் பல வருடம் பாடம் பார்க்கலாம்.

விண்டோஸில் டீஃபால்ட்டை மாற்றும் வழி?

ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்து ஓபன் வித், சூஸ் அனதர் ஆப், வி.எல்.சி., ஆல்வேஸ். அவ்வளவுதான், ஆனால் இது அந்த ஒரு வகைக்கு மட்டும். எம்.பி.4-க்கு மாற்றினால் எம்.கே.வி. பழைய பிளேயரிலேயே திறக்கும். எல்லாவற்றையும் ஒரே இடத்தில் மாற்ற, செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ் போய், வி.எல்.சி.யைத் தேடித் திறந்து, ஒவ்வொரு வகைக்கும் அதைக் காட்டுங்கள். குறைந்தது எம்.பி.4, எம்.கே.வி., ஏ.வி.ஐ., எம்.ஓ.வி., எம்.டி.எஸ்., வி.ஓ.பி., 3ஜி.பி., வெப்எம் இந்த எட்டையும் செய்துவிடுங்கள்.

வி.எல்.சி.யை நிறுவும்போதே எல்லாவற்றுக்கும் டிக் போட்டேனே, மாறவில்லையே என்பார்கள். விண்டோஸ் 10 முதல் எந்த மென்பொருளும் தன்னைத் தானே டீஃபால்ட்டாக்கிக்கொள்ள அனுமதி இல்லை. பயனர் கையால்தான் மாற்றவேண்டும். நல்ல கட்டுப்பாடுதான்.

டேட் வகையை மட்டும் எந்தப் பிளேயரோடும் இணைக்காதீர்கள். வேறு பல மென்பொருள்களின் தகவல் ஃபைலுக்கும் அதே பெயர் உண்டு.

லினக்ஸிலும் மேக்கிலும்?

மின்ட்டில் பிரிஃபர்டு அப்ளிகேஷன்ஸ் திறந்து வீடியோ வரிசையில் தேர்ந்தெடுங்கள். உபுண்டு 24.04-இல் செட்டிங்ஸ், ஆப்ஸ், டீஃபால்ட் ஆப்ஸ். ஏதாவது ஒரு வகை மட்டும் அடம்பிடித்தால் அந்த ஃபைலின் ப்ராபர்ட்டீஸில் ஓபன் வித் போய் மாற்றுங்கள். மேக்கில் ஃபைலைத் தேர்ந்தெடுத்து கமாண்டு+ஐ, ஓபன் வித், சேஞ்ச் ஆல். சேஞ்ச் ஆல் அழுத்த மறந்தால் அந்த ஒரு ஃபைல் மட்டும்தான் மாறும்.

கணினி அறையில் 20 சிஸ்டம். ஒவ்வொன்றாக உட்கார்ந்து மாற்றவேண்டுமா?

லினக்ஸ் என்றால் வேண்டாம். ஒரு சிஸ்டத்தில் சரியாக அமைத்துவிட்டு, எந்த வகை ஃபைலை எது திறக்கவேண்டும் என்று சொல்லும், பயனரின் கான்ஃபிக் ஃபோல்டரில் இருக்கும் மைம்ஆப்ஸ் பட்டியலை எடுத்து, மற்ற சிஸ்டங்களில் ஈ.டி.சி. ஃபோல்டருக்குள் இருக்கும் எக்ஸ்.டி.ஜி. ஃபோல்டரில் வைத்துவிடுங்கள். அந்த சிஸ்டத்தில் யார் உள்ளே வந்தாலும் அது பொருந்தும். ஒருவர் ஏற்கெனவே தனக்கென்று ஏதாவது மாற்றியிருந்தால் அவருடையதுதான் முன்னுக்கு நிற்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள்.

விண்டோஸில் டிஸம் கருவியால் ஒரு சிஸ்டத்தின் டீஃபால்ட் பட்டியலை ஏற்றுமதி செய்து மற்றவற்றில் இறக்கலாம். அது அதன்பிறகு உருவாகும் பயனர் கணக்குக்குத்தான் பொருந்தும். இருக்கிற கணக்கில் ஒன்றும் நடக்காது. பலர் இங்கேதான் ஒரு நாளை வீணாக்குகிறார்கள். முதலில் பட்டியலை இறக்குங்கள், பிறகு மாணவர் கணக்கை உருவாக்குங்கள்.

தமிழ் சப்டைட்டில் கட்டம் கட்டமாகவோ கன்னாபின்னாவென்றோ வருகிறது.

இதில் மூன்று வகை உண்டு. திரையில் தெரிவதை வைத்தே காரணத்தைப் பிடிக்கலாம்.

வெறும் கட்டங்கள் வந்தால் தமிழ் எழுத்துரு இல்லை. லினக்ஸில் நோட்டோ சான்ஸ் தமிழ் அல்லது லோஹித் தமிழ் நிறுவுங்கள். விண்டோஸ் 8 முதல் நிர்மலா யு.ஐ. கூடவே வருகிறது, 7-இல் லதா. வி.எல்.சி. பிரிஃபரன்சஸில் சப்டைட்டில்ஸ் பகுதிக்குப் போய் அந்த எழுத்துருவைக் காட்டுங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட ஆங்கில ஏ, அதை ஒட்டி வட்டத்துக்குள் ஆர் என்று திரும்பத் திரும்ப வந்தால், ஃபைல் நன்றாகத்தான் இருக்கிறது, பிளேயர்தான் தப்பாகப் படிக்கிறது. யுனிகோடின் யு.டி.எஃப்.-8 முறையில் ஒவ்வொரு தமிழ்க் குறியும் மூன்று பைட். அந்த மூன்றையும் மூன்று தனி எழுத்தாகப் படித்தால் இப்படி வரும். அதே சப்டைட்டில்ஸ் பகுதியில் டீஃபால்ட் என்கோடிங்கை யு.டி.எஃப்.-8 என்று வையுங்கள்.

சாய்கோடு, வட்டம் எதுவும் இல்லாமல் சாதாரண ஆங்கில எழுத்துகள் அர்த்தமின்றிக் கொட்டினால் அது பாமினி மாதிரி பழைய எழுத்துருவில் அடித்தது. எந்த பிளேயராலும் ஒன்றும் செய்யமுடியாது. என்.எச்.எம். கன்வர்ட்டர் போன்ற ஒன்றால் யுனிகோடுக்கு மாற்றி, நோட்பேடில் சேவ் ஆஸ் போய் யு.டி.எஃப்.-8 என்று சேமியுங்கள்.

டீஃபால்ட்டாக வைக்கும் பிளேயரை ‘கொலுசு’ என்ற ஒரு சொல்லால் சோதித்துவிடலாம். கொம்பு ‘க’வுக்கு முன்னாலும் கால் பின்னாலும் வரவேண்டும். ‘க’ தனியாக நின்று, அதற்குப் பின்னால் புள்ளி வட்டத்தோடு கொம்பு தொங்கினால் அந்தப் பிளேயருக்குத் தமிழ் எழுத்தைக் கோக்கத் தெரியவில்லை. செவ்வாய்ப்பேட்டைக் கொலுசுக்கடை விளம்பரமே படிக்கமுடியாத பிளேயர் சேலத்தில் டீஃபால்ட்டாக இருக்கக்கூடாது.

சப்டைட்டில் தானாக வர, வீடியோ ஃபைலும் சப்டைட்டில் ஃபைலும் ஒரே பெயரில் ஒரே ஃபோல்டரில் இருக்கவேண்டும். பேச்சுக்கும் எழுத்துக்கும் நேரம் பிசகினால் வி.எல்.சி.யில் ஜி, எச் விசைகள், எம்.பி.வி.யில் இசட், ஷிஃப்ட்+இசட்.

பல மொழி உள்ள படம் எப்போதும் இந்தியிலேயே தொடங்குகிறது.

வி.எல்.சி. பிரிஃபரன்சஸ், ஆடியோ பகுதியில் பிரிஃபர்டு ஆடியோ லாங்வேஜ் என்ற கட்டத்தில் டி, ஏ, எம் என்ற மூன்று ஆங்கில எழுத்தைச் சின்ன எழுத்தில் அடியுங்கள். தமிழுக்கு உலக அளவில் வைத்த குறி அது. ஃபைலை உருவாக்கியவர் ஒலித்தடத்துக்கு மொழி குறிக்காமல் விட்டிருந்தால் இது வேலை செய்யாது. அப்போது பி விசையை அழுத்தி அடுத்த தடத்துக்குப் போகவேண்டியதுதான்.

பாட்டு காதைப் பிளக்கிறது, பேச்சு கேட்கவே இல்லை.

5.1 ஒலியில் பேச்சு நடு ஸ்பீக்கருக்கென்று தனித்தடத்தில் இருக்கும். உங்களிடம் இருப்பது இரண்டு ஸ்பீக்கர். ஆறைக் கலந்து இரண்டாக்கும்போது பேச்சு அமுங்கிவிடுகிறது. முதலில் சிஸ்டத்தின் சவுண்டு செட்டிங்ஸில் ஸ்பீக்கர் அமைப்பு ஸ்டீரியோ என்று இருக்கிறதா பாருங்கள். தப்பாக 5.1 என்று இருந்தால் பேச்சு இல்லாத ஸ்பீக்கருக்குப் போய்க்கொண்டிருக்கும். அதுவும் சரி என்றால் வி.எல்.சி.யில் டூல்ஸ், எஃபெக்ட்ஸ் அண்டு ஃபில்டர்ஸ், கம்ப்ரசர் போய் எனேபிள் செய்யுங்கள். சத்தமானது தணிந்து மெல்லியது மேலே வரும்.

பழைய கல்யாண டிவிடி ஓட்டினால் அசையும் இடமெல்லாம் சீப்புப் பல் மாதிரி கோடு.

மாலை மாற்றும்போது கை வீசும் இடத்தில் பாருங்கள், தெளிவாகத் தெரியும். அந்தக் காலத்துக் கேமரா ஒரு ஃப்ரேமை இரண்டு பாதியாக, ஒற்றை வரிகளை ஒரு தடவையும் இரட்டை வரிகளை இன்னொரு தடவையும் எடுத்தது. நொடிக்கு 50 பாதி, 25 முழு ஃப்ரேம். ட்யூப் டிவி அப்படியே காட்டியது. எல்.சி.டி. திரை இரண்டையும் சேர்த்துக் காட்டுவதால் கோடு விழுகிறது. வி.எல்.சி., எம்.பி.வி. இரண்டிலும் டி விசையை அழுத்துங்கள். வி.எல்.சி.யில் வீடியோ மெனு, டீஇன்டர்லேஸ் மோடு, யாடிஃப் 2எக்ஸ் வைத்தால் 50 பாதியும் 50 ஃப்ரேமாக வந்து அசைவு வழுவழுவென்று இருக்கும். இந்த விசையே இல்லாத பிளேயரைக் கல்யாண ஸ்டுடியோவில் டீஃபால்ட்டாக வைக்காதீர்கள்.

முகமெல்லாம் அகலமாகத் தெரிந்தால் 4:3 படத்தை 16:9-ஆக இழுக்கிறது என்று பொருள். வி.எல்.சி.யில் ஏ விசை. டிஸ்க் கீறலாக இருந்தால் அதிலேயே திரும்பத் திரும்ப ஓட்டாமல், வீடியோ டி.எஸ். ஃபோல்டரை முழுதாக ஹார்டு டிஸ்க்குக்கு எடுத்துவிட்டுப் பாருங்கள். விண்டோஸ் 10, 11-இல் டிவிடி ஓட்டும் வசதி கூடவே வருவதில்லை. வி.எல்.சி. இருந்தால் போதும்.

ரெக்கார்டு ஆகும்போது கரண்ட் போய்விட்டது. அந்த எம்.பி.4 எதிலும் திறக்கவில்லை.

எம்.பி.4-இல் எந்த ஃப்ரேம் எங்கே இருக்கிறது என்ற அட்டவணை பெரும்பாலும் கடைசியில்தான் எழுதப்படும். ரெக்கார்டிங் முறையாக நிற்காவிட்டால் அட்டவணை எழுதப்படாது. படம் முழுக்க உள்ளே இருக்கும், ஆனால் வழி தெரியாது. பிளேயரை மாற்றிமாற்றிப் பார்த்துப் பயனில்லை. அதே கேமராவில் அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாகக் கொடுத்தால் அன்ட்ரங்க் என்ற இலவசக் கருவி பல சமயம் மீட்டுவிடும். மெமரி கார்டை ஃபார்மேட் செய்துவிடாதீர்கள்.

திரைப் பதிவோ வகுப்புப் பதிவோ செய்பவர்கள் எம்.கே.வி.யில் பதிவு செய்யுங்கள். கரண்ட் போன நொடி வரைக்கும் உள்ளது ஓடும்.

சிசிடிவி ஃபைலைக் கொண்டுவந்து ‘இதைத் திறந்து காட்டுங்க’ என்கிறார்கள்.

கேமரா காட்சியைப் பதியும் டி.வி.ஆர். கருவிகள் தங்களுக்கென்று ஒரு ஃபைல் வடிவம் வைத்துக்கொள்கின்றன. உள்ளே பெரும்பாலும் எச்.264தான். முதல் வழி, டி.வி.ஆர். பேக்கப் மெனுவிலேயே ஏ.வி.ஐ. அல்லது எம்.பி.4 என்று தேர்ந்தெடுத்து மறுபடி எடுப்பது. அது முடியாவிட்டால் வி.எல்.சி. பிரிஃபரன்சஸில் ஷோ செட்டிங்ஸ் ஆல், இன்புட்/கோடெக்ஸ், டீமக்சர்ஸ் போய் எச்264 வீடியோ டீமக்சர் என்று வைத்துத் திறந்து பாருங்கள். பார்த்து முடித்ததும் பழையபடி ஆட்டோமேட்டிக்குக்கு மாற்றிவிடுங்கள். மறந்தால் மறுநாள் முதல் மற்ற எந்த வீடியோவும் ஓடாது, வி.எல்.சி.யே கெட்டது என்று நினைத்து அழித்துவிடுவார்கள். திருட்டு வழக்குக்கு வேண்டிய ஃபைல் என்றால் மூலத்தைத் தொடாதீர்கள், காப்பியில் மட்டும் வேலை செய்யுங்கள்.

ஏற்காட்டில் நெட் சரியாகக் கிடைப்பதில்லை. எப்படி நிறுவுவது?

சேலத்திலேயே இறக்கிக் கொண்டுபோங்கள். விண்டோஸுக்கான வி.எல்.சி. நிறுவி 50 எம்.பி.க்கும் குறைவு. அதற்குமேல் எதுவும் நெட்டில் கேட்காது. லினக்ஸில் ஃபிளாட்பேக், ஸ்னாப் முறையில் நிறுவினால் பிளேயரோடு பல நூறு எம்.பி. அடித்தளமும் சேர்ந்து இறங்கும். நாகலூர் பக்கம் ஒரு கோட்டில் ஊசலாடும் சிக்னலை வைத்துக்கொண்டு அதைத் தொடங்கவேண்டாம். வெளியீட்டின் சொந்தக் களஞ்சியத்தில் இருக்கும் சாதாரணத் தொகுப்பையே போடுங்கள். அதிலும் பிளேயர் சார்ந்திருக்கும் மற்ற தொகுப்புகள் பல உண்டு. ஒன்றை மட்டும் பென்டிரைவில் எடுத்துப்போனால், 20 கொண்டை ஊசி வளைவும் ஏறிய பிறகு அது இல்லை இது இல்லை என்று நிற்கும். சிஸ்டத்தை மேலே அனுப்புமுன் அடிவாரத்திலேயே எல்லாவற்றையும் நிறுவி, சோதனைப் பென்டிரைவைச் செருகிப் பார்த்துவிட்டு அனுப்புவதே நல்லது.

இறக்குவது, வி.எல்.சி.யை உருவாக்கும் வீடியோலேன் அமைப்பின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும். பாரிஸை ஒட்டிய ஒரு பொறியியல் கல்லூரி மாணவர்கள் 1996-இல் தொடங்கியது, இப்போது லாபநோக்கற்ற அமைப்பு. 2022-இல் இந்தியாவில் அந்தத் தளம் சில மாதங்கள் முடக்கப்பட்டு, நவம்பரில் திறந்துவிடப்பட்டது. அப்போது கண்ட கண்ட தளங்களில் இறக்கிவைத்த நிறுவியைப் பலர் இன்னும் பென்டிரைவில் சுமக்கிறார்கள். அதை அழித்துவிட்டு, புதிதாக இறக்கி, ஃபைல் மாறாமல் இருக்கிறதா என்று காட்ட தளத்தில் கொடுத்திருக்கும் எஸ்.எச்.ஏ.-256 எண்ணோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

ஒரு வீடியோவைத் திறந்தால் ‘கோடெக் இறக்கு’ என்று கேட்கிறது. இறக்கலாமா?

கூடாது. வி.எல்.சி.யில் திறந்து பாருங்கள். அதிலும் ஓடாவிட்டால் அது வீடியோவாக இல்லாமலே இருக்கலாம். ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ் காட்டும்படி வைத்தால், எம்.பி.4 என்று தெரிந்த பெயரின் வாலில், புரோகிராமைக் குறிக்கும் இ.எக்ஸ்.இ. ஒளிந்திருப்பது தெரியும். டீஃபால்ட் பிளேயர் மாற்றும் அன்றே இந்த செட்டிங்கையும் செய்துவிடுங்கள்.

பிளேயரையும் அவ்வப்போது புதுப்பிக்கவேண்டும். 2017-இல், சப்டைட்டில் ஃபைலில் விஷமக் குறியீட்டை ஒளித்து வி.எல்.சி. உள்ளிட்ட சில பிளேயர்கள் வழியாக சிஸ்டத்தைக் கைப்பற்ற முடியும் என்று பாதுகாப்பு ஆய்வாளர்கள் காட்டினார்கள். உடனே திருத்தம் வந்தது. ஆனால் புதுப்பிக்காதவர் சிஸ்டத்துக்கு அந்தத் திருத்தம் வருவதில்லை.

வகுப்பில் புரொஜெக்டரில் போடுகிறோம். தனியாக ஏதாவது செய்யவேண்டுமா?

கல்வித் தொலைக்காட்சிப் பாடங்களைத் துண்டு துண்டாக நிறுத்தித்தான் நடத்துவார்கள், அதனால் விட்ட இடத்தில் தொடர்வது முக்கியம். வி.எல்.சி. மறுபடி திறக்கும்போது மேலே ஒரு பட்டையில் தொடரட்டுமா என்று கேட்கும், ஆசிரியர் அதைக் கவனிப்பதில்லை. பிரிஃபரன்சஸ், இன்டர்ஃபேஸ் பகுதியில் கன்டினியூ பிளேபேக் என்பதை ஆல்வேஸ் என்று வைத்துவிடுங்கள். எம்.பி.வி.யில் ஷிஃப்ட்+க்யூ அழுத்தி மூடினால் இடத்தை நினைவில் வைக்கும், வெறும் க்யூ என்றால் வைக்காது. வேகம் குறைக்க எம்.பி.வி.யில் இடது சதுர அடைப்பு விசை, வி.எல்.சி.யில் இடது சதுர அடைப்பு அல்லது கழித்தல் விசை. முழுத்திரை லேப்டாப்பிலேயே நின்று புரொஜெக்டரில் வராவிட்டால், சாதாரண அளவுக்குக் கொண்டுவந்து ஜன்னலைப் புரொஜெக்டர் பக்கம் இழுத்து விட்டுவிட்டு எஃப் அழுத்துங்கள்.